திருகோணமலையில் வெட்டி, தைத்து, அச்சிடும் ஒரு சிறு உடுப்புக் கடை: எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

டொக்யாட் வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கையொன்றில், முன்பு மீன்வலை விற்ற இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, மூன்று இளைஞர்களும் தையல் தெரிந்த ஓர் அக்காவும் சேர்ந்து ஸ்ட்ரீட்வெயர் என்று இன்றைய பிள்ளைகள் சொல்லும் தெருப்பாணி உடுப்புகளைத் தயாரித்து விற்று வருகிறார்கள். கடந்த எட்டு மாதங்களில் அங்கே நான்கு ரீசேர்ட்டுகளும் ஒரு சேர்ட்டும் வாங்கியிருக்கிறேன். இரண்டு எனக்கு, மூன்று என் தம்பிக்கு. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆறு ஆண்டுகள் அளவுநாடாவும் கையுமாக நின்றவள் நான். உடுப்பைக் கையில் எடுத்தவுடன் உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்க்கும் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரை எழுதவில்லை.

துணியிலிருந்து தொடங்குகிறேன். பிரதான வீதியில் ஆயிரத்து இருநூறு ரூபாவுக்குக் கிடைக்கும் மெல்லிய ரீசேர்ட்டுகளுக்குப் பழகிய கைக்கு, இவர்களின் துணி முதலில் கனமாகவே தெரியும். சதுர மீற்றருக்கு 220 கிறாம் எடையுள்ள, சீவிய பருத்தி நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி அது, ரீசேர்ட்டுகளுக்கு வழக்கமாகப் போடும் ஒற்றைப் பின்னல் துணி. இந்த ஊர் வெயிலுக்கு இவ்வளவு தடிப்பு எதற்கு என்று நானும் கேட்டேன். அணிந்து நடந்தபோதுதான் விடை புரிந்தது. மெல்லிய துணி வியர்த்தவுடன் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. இது தோளிலிருந்து நேராகத் தொங்கி, உடம்புக்கும் துணிக்கும் இடையில் காற்றுக்கு வழி விடுகிறது. அகன்ற தோளும் முழங்கையைத் தொடும் கையும் கொண்ட தளர்வான வெட்டு வெறும் நாகரிகத்துக்காக வைத்ததன்று, இந்த ஊரில் நண்பகலில் சைக்கிள் ஓட்டுபவருக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் காய்வதற்கு நேரமெடுக்கும். வாடைக்காற்றோடு மழை பிடித்த மார்கழியில், கொடியில் போட்ட ரீசேர்ட் இரண்டாம் நாளும் ஈரமாகவே கிடந்தது.

தையல் என்னை மகிழ்வித்தது. கழுத்தின் பின்புறத்தில் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை நாடா வைத்துத் தைத்திருக்கிறார்கள். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவிடுவது அந்த நாடாவைத்தான். விலை குறைந்த ரீசேர்ட்டின் தோள் இரண்டு மாதத்தில் இழுபட்டு, கழுத்து அகன்று விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கொலருக்குச் சிறிது லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த ரிப் துணி, அதாவது வரிவரியான பின்னல் துணி, போட்டிருக்கிறார்கள். கீழ் விளிம்பில் இரட்டை ஊசித் தையல், எண்ணிப் பார்த்தால் அங்குலத்துக்குப் பதினொன்று. உள்ளே நூல் தொங்கல் ஒன்றுகூட இல்லை. நான் வேலை செய்த இடத்தில் இந்த உடுப்பு மேசைக்கு வந்திருந்தால் தடையில்லாமல் தாண்டிப் போயிருக்கும். பத்துத் தடவை துவைத்த பிறகு நான்கு ரீசேர்ட்டுகளில் மூன்றின் பக்கத் தையல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. நான்காவதில் மட்டும் ஒரு பக்கத் தையல் ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. சிங்கிள் ஜெர்சித் துணியில், நூலில் அடங்கியிருக்கும் முறுக்கு ஒவ்வொரு துவைப்பிலும் தளர முயல்வதால் இது நேர்கிறது; அது துணியோடு வரும் குறை, தைத்தவரைக் குறை சொல்ல முடியாது. என்றாலும் வாங்குபவர் கண்ணாடியின் முன் பார்ப்பது கோணலைத்தானே.

இனி அச்சு. இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அச்சினால்தான். தம்பிக்கு வாங்கிய வெள்ளை ரீசேர்ட் ஒன்றின் முதுகில், சீனக்குடா எண்ணெய்க் குதங்களை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய அந்தப் பெரிய உருக்கு வட்டங்கள் வரிசை வரிசையாக, துருவின் நிறத்தில், மரங்களுக்கிடையே கிடக்கின்றன. ஒரு வட்டம் மாத்திரம் கரித் துகளாகக் கலைந்திருக்கிறது. அதன் கீழே மிகச் சிறிய எழுத்தில் ‘1942 ஏப்ரல் 9’ என்று இருக்கிறது, ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கிய நாள். வேறு விளக்கம் எதுவும் இல்லை. என் தம்பி அதை அணிந்துகொண்டு போன முதல் நாளே, பெற்றோல் நிலையத்தில் நின்ற வயதானவர் ஒருவர் அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, தன் தகப்பனார் சொன்ன குண்டுவீச்சுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாராம்.

அந்தப் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தால், துருவின் நிழல் முழுவதும் ஊசி முனையளவு புள்ளிகளால் ஆனது என்று தெரியும். கரைக்கு வரவர புள்ளிகள் சிறுத்து, துணியின் வெண்மையில் கரைந்து போகின்றன. நுண்ணிய வலைத் திரையின் ஊடாக மையை இழுத்துத் துணியில் பதிக்கும் திரை அச்சில் இதைச் செய்வது எளிதன்று: ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை வேண்டும், மூன்று திரைகளும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும், புள்ளி சிறிதானால் திரையின் கண்ணியிலேயே மை அடைத்துக்கொள்ளும். வெள்ளைத் துணிக்கு இவர்கள் தண்ணீர் கலந்த மையைப் பயன்படுத்துகிறார்கள். அது துணியின் மேலே படலமாகப் படியாமல் நூலுக்குள் இறங்குவதால், கையால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது. முதுகு வியர்த்தாலும் ஒட்டாது. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த மை இரண்டு இழுப்புக்குள் திரையிலேயே காய்ந்துவிடுமாம். அதனால் வைகாசி, ஆனி மாதங்களில் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் அச்சை முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். ஒரு நாள் அதிகாலையில் கோயிலுக்குப் போகும் வழியில் அந்த ஒழுங்கையால் நடந்தபோது, பின்னறையில் விளக்கு எரிவதைக் கண்டேன், ரப்பர் பலகையால் மையை இழுக்கும் சர்ரென்ற ஓசையையும் நானே கேட்டேன்.

எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழெழுத்து அச்சிட்ட ரீசேர்ட்டுகள் எங்கள் ஊரில் முன்பும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றைக் கண்டால் எனக்கு வேதனையாக இருக்கும். வடிவமைக்கும் மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்காததால், ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னே வராமல் பின்னே விழுந்து, கால் தனியே தடுமாறி நிற்கும். அதைக் கவனிக்காமலே நூற்றுக்கணக்கில் அச்சிட்டு விற்பார்கள். இவர்கள் கணினி எழுத்துருவைத் தொடவே இல்லை. பிளாஸ்டிக் பதாகைகள் வருவதற்கு முன்னர் ஊரின் கடைப் பலகைகளையும் படகுகளின் பெயர்களையும் தூரிகையால் எழுதிய முதியவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவரிடம் காகிதத்தில் எழுதி வாங்கி, அதையே திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். என்னிடம் உள்ள கறுப்பு ரீசேர்ட்டின் நெஞ்சில் ‘திருகோணமலை’ என்று அவர் கையால் எழுதியது இருக்கிறது. கடைசி எழுத்தான ‘லை’ பழைய வடிவத்தில் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு அரசாணைக்குப் பிறகு பரவிய வடிவத்தில் ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னே தனியே நிற்கும். பழைய வடிவத்திலோ அது லகரத்தோடு சேர்ந்து துதிக்கைபோல் சுருண்டு ஏறும். அந்தத் துதிக்கையை அவர் அங்கேயே முடிக்காமல் வலப்பக்கம் நீட்டி, ஓர் அலையாக மடக்கி விட்டிருக்கிறார். தூரிகை திரும்பிய இடத்தில் மை சற்றுத் தடித்திருப்பதைக்கூட அச்சில் அப்படியே விட்டிருக்கிறார்கள். என் அப்பம்மா இருந்திருந்தால் அந்த ‘லை’யைக் கண்டவுடன் தன் கொப்பி எழுத்தை நினைத்திருப்பார்.

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஷோன் ஸ்டூசி, பலகைகளில் இடும் தன் கையொப்பத்தையே ரீசேர்ட்டிலும் அச்சிட்டு விற்றார். இன்று உலகம் முழுவதும் ஸ்ட்ரீட்வெயர் என்று விற்கப்படுவதன் முக்கியமான வேர்களில் அதுவும் ஒன்று. அது ஒரு கடலோர வேலைக்காரரின் கையெழுத்து. இங்கே இன்னொரு கடலோர ஊரில், படகுக்குப் பெயர் எழுதிய கை. வெளிநாட்டுக் குறியொன்றைப் போலியாக அச்சிட்டு விற்பதைவிட இதுவே அந்த மரபுக்கு நெருக்கமானது என்பது என் உறுதியான எண்ணம்.

ரீசேர்ட் 3,600 ரூபா, நீளக்கை 4,200 ரூபா, மருதமுனைக் கைத்தறித் துணியில் சட்டைப்பை வைத்த சேர்ட் 5,500 ரூபா. இந்த விலையைக் கேட்டுப் படியிறங்கிப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு குடும்பத்தின் வாரச் செலவை நினைத்தால் அது பெரிய தொகைதான். ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்வது நியாயம். ஒரு கிலோ துணியில், வெட்டுக் கழிவு போக, இந்தத் தளர்வான வெட்டில் மூன்று ரீசேர்ட்தான் வரும், நன்றாக அடுக்கினால் சில வேளை நான்காவதும் வரும். ஆலையொன்றில் தங்களுக்கென்று நிறம் ஏற்றக் கேட்டால் நூற்றுக்கணக்கான கிலோவுக்குக் குறைந்து எடுக்க மாட்டார்கள். ஆகவே கொழும்பு புறக்கோட்டையில் பெரிய தொழிற்சாலைகள் விட்ட மீதிச் சுருள்களைத் தேடி வாங்கி, இரவு ரயிலில் கொண்டுவருகிறார்கள். பருத்தி இறக்குமதி என்பதால் டொலரோடு சேர்ந்து துணி விலையும் ஏறுகிறது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். ஒரு வடிவத்தில் அறுபது உடுப்புகள் மாத்திரமே தைக்கிறார்கள். மூன்று திரைகளின் செலவை இருபதாயிரம் உடுப்புகளுக்குப் பங்கிடும் தொழிற்சாலையில் அது கண்ணுக்கே தெரியாது, அறுபதுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றின் விலையிலும் தெரியும்.

அந்த விலையில் ஒரு பகுதி யாருக்குப் போகிறது என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. உடுப்போடு தொங்கும் அட்டையில் படம் வரைந்தவர், எழுதியவர், தைத்தவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. வரைந்தவருக்கு முதலில் ஒரு தொகையும், பின்னர் விற்கும் ஒவ்வோர் உடுப்புக்கும் இருநூறு ரூபாவும் கொடுப்பதாகக் கணக்குக் கொப்பியைத் திறந்தே காட்டினார்கள். விளம்பரப் படங்களை உட்துறைமுக வீதியில் மாலை வெளிச்சத்தில் எடுத்தவர் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் உள்ளூர் இளைஞர். உடுப்பை அணிந்து நிற்பவர்கள் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்து மாணவர்கள், உதைபந்தாட்டக்காரர் ஒருவர், மீன் ஏலத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி. சனிக்கிழமை பின்னேரங்களில் பின்னறையை ஒழுங்குபடுத்தி, விரும்பி வருபவர்களுக்குத் திரை கட்டவும், வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷன் என்ற பூச்சைத் திரையில் பூசி வெளிச்சத்தில் காட்டவும் கற்றுக் கொடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, பழைய துணி கொண்டுவந்தால் போதும். நான் போன அன்று பாடசாலைப் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். ஒரு சிறுமி தான் வரைந்த, கோட்டையில் திரியும் மானைத் தலையணை உறையில் அச்சிட்டு, காயும்வரை அதைவிட்டு நகராமல் நின்றாள்.

இப்போது குறைகள். இரண்டாவதாக வாங்கிய கறுப்பு ரீசேர்ட்டில் வெள்ளை அச்சு மூன்றாம் துவைப்பிலேயே வெடிக்கத் தொடங்கியது. கறுப்புத் துணிக்கு இவர்கள் பயன்படுத்துவது பிளாஸ்டிசோல் என்ற பிளாஸ்டிக் கலந்த மை. மேற்பரப்பு மாத்திரமன்றி மையின் அடிவரை ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால்தான் அது இறுகும். குறைந்தால் பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருந்து, துவைக்கும்போது உடையும். நான் அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, கடையில் நின்ற தம்பி வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இது எங்கட பிழைதான், வேகேல்லை” என்று உடனே ஒப்புக்கொண்டான். அந்த வாரத்தில் மின்னழுத்தம் குறைந்திருந்ததையும், வெப்பத்தை அளக்காமல் கைப்பழக்கத்தில் விட்டதையும் மறைக்காமல் சொன்னான். புதியது ஒன்று அடுத்த வாரமே கிடைத்தது. அதைவிட, அந்தத் தொகுதியில் வாங்கிய மற்றவர்களையும் கொப்பியைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, குறை தெரியும் முன்னரே மாற்றிக் கொடுத்தார்கள். இன்று அச்சு மேசையில் லேசர் வெப்பமானி ஒன்று இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் ஒரு குறையை ஏற்க வைக்க எத்தனை மின்னஞ்சல் எழுத வேண்டும் என்று அறிந்த எனக்கு, அந்த ஒரு வசனம் மிகவும் பெரிதாகப் பட்டது.

அளவு விடயம் இன்னும் தீரவில்லை. தம்பிக்குக் கார்த்திகையில் வாங்கிய ‘எல்’ அளவை விரித்து வைத்து அளந்தபோது மார்பகலம் 58 சென்ரிமீற்றர். பங்குனியில் வாங்கிய அதே ‘எல்’ 56. நாங்கள் தொழிற்சாலையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட்டாலே ஒதுக்கி வைப்போம். காரணம் எனக்கு ஓரளவு தெரியும்: பின்னல் துணியைச் சுருளில் இழுத்துச் சுற்றியிருப்பார்கள், வெட்டுவதற்கு முன்னர் ஒரு நாளாவது விரித்துப் போட்டு அது தன் நிலைக்குச் சுருங்க விட வேண்டும். இவர்களின் பின்னறையில் அவ்வளவு துணியை விரிக்க இடமில்லை, சுருளை அவிழ்த்தவுடன் வெட்டிவிடுகிறார்கள். இதை நான் அந்தத் தையல் அக்காவிடம் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. இரவில் கடையைப் பூட்டிய பிறகு முன்னறையின் தரையில் பாய் போட்டு விரித்துப் பார்க்கலாம் என்று அவரே வழியும் சொன்னார்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவான வெட்டு என்று விற்பதையும் முழுமையாக ஏற்க என்னால் முடியவில்லை. ஐந்தடி உயரமுள்ள பெண் ‘எஸ்’ அளவை அணிந்தாலும் தோள்பட்டை கையின் நடுவில் வந்து விழுகிறது, கழுத்தும் அகலம். இதற்கு மாறாக, நீளக்கையும் தொடை நடுவரை இறக்கமும் உள்ள ரீசேர்ட் மிகவும் யோசித்து வெட்டப்பட்டது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வளாகத்துக்கு வரும் பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், நானும் பாடசாலைக் கூட்டங்களுக்கு அதையே அணிகிறேன். ஆனால் அது வந்த அறுபதும் ஒன்பது நாட்களில் தீர்ந்தன. அடுத்த தொகுதி எப்போது என்று கேட்டால் துணி கிடைக்க வேண்டும் என்கிறார்கள். புதிய படங்களை அறுபதோடு நிறுத்துவது அவர்களின் விருப்பம், அதில் ஓர் அழகும் இருக்கிறது. ஆனால் படமில்லாத கறுப்பு, வெள்ளை ரீசேர்ட்டுகளையும் இந்த நீளக்கையையுமாவது எப்போதும் அலுமாரியில் வைத்திருக்க வேண்டும். மறுபடி வாங்க வந்தவரை மூன்று தடவை வெறுங்கையோடு அனுப்பினால் நான்காம் தடவை அவர் வர மாட்டார். வெள்ளைக்குத் துணி தேடுவதும் கடினமன்று, நிறம் பொருந்த வேண்டிய கவலை அதில் குறைவு.

வெளியூருக்குக் கூரியரில் அனுப்புகிறார்கள், பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கலாம். மட்டக்களப்பில் உள்ள என் தோழிக்கு மூன்றாம் நாள் கிடைத்தது. கட்டிய பை சாதாரணக் காகிதப் பை. மழை மாதங்களில் அதற்கு மேல் ஒரு பொலித்தீன் உறை போட்டால் நல்லது. வட்ஸ்அப்பில் கேட்டால் இரவில்தான் பதில் வரும். கடை பத்து மணிக்குத் திறக்கிறது, அச்சு நாட்களில் பிந்தும்.

சென்ற மாதம் போனபோது, நான் அளந்து எழுதிக் கொடுத்த மார்பகலம், நீளம், தோள், கை ஆகிய நான்கு அளவுகளையும் சென்ரிமீற்றரில் பெரிதாக எழுதி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். எழுதியிருந்தது அந்த முதியவரின் தூரிகை. முன்னறையின் மூலையில் சுருட்டிய பெரிய பாய் ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அட்டவணையில் ‘டபிள் எக்ஸ்எல்’ நிரல் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. என் அண்ணாவுக்கு அந்த அளவுதான் வேண்டும் என்று கொப்பியில் பெயர் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.